பன்னிரண்டு நாள், ஆறு பேர், ஓர் ஆர்வி: ஜூலையில் ராக்கி மலைப் பயணத்துக்கு யோசனை சொல்லுங்கள்

டாலஸ் அப்பா | ஜனவரி 10

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜூலையில் அப்பாவும் அம்மாவும் கரூரிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, மூட்டுவலி உண்டு. அம்மாவுக்கு 66, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகளுக்கு 11, மகனுக்கு 6. எங்கள் இருவரையும் சேர்த்தால் ஆறு பேர்.

சென்ற முறை வந்தபோது டாலஸ் வெயிலுக்குப் பயந்து இரண்டு மாதமும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். விமான நிலையத்தில் அம்மா, "உன் வீட்டைப் பார்த்துவிட்டோம், அது போதும்" என்றார். அந்தச் சொல் இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த முறை அவர்களுக்கு மலையையும் ஆற்றையும் காட்ட வேண்டும்.

12 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. டென்வரில் ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) எடுத்து ராக்கி மவுண்டன், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர், அங்கிருந்து தெற்கே இறங்கி ஸயான் என்று ஐந்து தேசியப் பூங்கா, பிறகு மீண்டும் டென்வர் என்று திட்டமிட்டிருக்கிறேன். 32 அடி நீளமுள்ள கிளாஸ் ஏ வண்டி, அதாவது பேருந்து போன்ற பெரிய வகை, பார்த்து வைத்திருக்கிறேன். இதற்கு முன் ஆர்வி ஓட்டியதில்லை. போய் வந்தவர்கள் குறை நிறை இரண்டையும் சொல்லுங்கள்.

---

மலைமுகடு | ஜனவரி 10

நான் டென்வரில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். ஆர்வியில் ஏழு முறை மலைக்குப் போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

உங்கள் வழியைக் கூட்டிப் பார்த்தேன். பூங்காக்களுக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 2,800 மைலுக்குக் குறையாது. வண்டி எடுக்கும் நாளையும் ஒப்படைக்கும் நாளையும் கழித்தால் மிச்சம் பத்து நாள். தினமும் 280 மைல். டாலஸ் நெடுஞ்சாலையில் அது நான்கு மணி நேரம். வயோமிங்கின் இருவழிச் சாலையில், மலை ஏற்றத்தில், ஆறு பேரும் பாத்திரங்களும் குலுங்கும் வண்டியில் அது ஏழு மணி நேரம். உங்கள் பெற்றோர் பார்க்கப்போவது ஜன்னலைத்தான். எரிபொருள் கணக்கும் இருக்கிறது. கேலனுக்கு ஒன்பது மைல் கிடைத்தாலே பெரிது. 300 கேலனுக்கு மேல் போகும்.

இரண்டாவது, வண்டியின் அளவு. கிளேசியரின் உயிர்நாடி கோயிங் டு தி ஸன் சாலை. 1933இல் திறப்பு விழா கண்ட அந்தச் சாலையில் அவலாஞ்சுக்கும் ஸன் பாயிண்டுக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. அகலத்தில் பக்கக் கண்ணாடியும் கணக்கு. ஆயிரம் மைல் ஓட்டிப் போய் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வேறு ஏற்பாடு தேட வேண்டியிருக்கும்.

ஸயானிலும் அதே கதை. மவுண்ட் கார்மல் சுரங்கப்பாதை 1930இல் அந்தக் காலத்துக் கார்களுக்காகக் குடைந்தது. இதுவரை பெரிய வண்டி வந்தால் எதிர்ப்புறப் போக்குவரத்தை நிறுத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். 2026 ஜூன் 7 முதல் 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமோ 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அந்த வழியே மூடப்படுகிறது. வாடகை ஆர்வி ஏறக்குறைய எல்லாமே இந்த அளவைத் தாண்டும்.

ஐந்து பூங்காவை இரண்டாகக் குறையுங்கள். கிராண்ட் டீட்டனும் யெல்லோஸ்டோனும் ஒட்டியே இருக்கின்றன. 12 நாளுக்கு அவை தாராளம்.

---

கூடாரவாசி | ஜனவரி 10

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். ஆர்வியே எதற்கு?

மூட்டுவலி உள்ள 71 வயதுக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த வண்டியில் ஏறி இறங்குவார் என்று எண்ணிப் பாருங்கள். தரையிலிருந்து முதல் படியே முழங்காலுக்கு எட்டும் உயரம். உள்ளே நடைவழி ஒரு ஆள் அகலம். ஒருவர் கழிவறைக்குப் போனால் இன்னொருவர் எழுந்து வழிவிட வேண்டும். இரவில் அப்பா எழுந்தால் வண்டி ஆடும், ஆறு பேரும் விழிப்பார்கள்.

அதே பணத்தில் ஏழு இருக்கைக் கார் ஒன்றும், சமையலறையுள்ள மரவீடும் கிடைக்கும். காரில் மூஸ் வில்சன் சாலைக்குள் போகலாம், சிக்னல் மலை மேல் ஏறலாம். டீட்டனில் அந்த இரண்டு சாலையிலும் ஆர்விக்கு இடமில்லை. நாங்கள் இருவரும் கூடாரத்தில் தூங்குகிறவர்கள், எங்கள் முதுகு பழகிவிட்டது. பெற்றோரோடு போனபோது மரவீடுதான் எடுத்தோம். அம்மா தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். அந்தத் திண்ணையை ஆர்வி தராது.

---

கொல்லிமலைக்காரர் | ஜனவரி 11

கூடாரவாசி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் ஆர்வி பக்கம்தான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று.

என் அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லிமலைக்கு வண்டி ஓட்டியவர். எழுபது கொண்டை ஊசி வளைவு. "எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு" என்பது அவர் வீட்டில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லும் பாடம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரைக் கூட்டிக்கொண்டு ஆர்வியில் கொலராடோவின் ஐசனோவர் சுரங்கப்பாதையைத் தாண்டினேன். 11,158 அடி உயரம். சுரங்கம் முடிந்ததும் சாலை டில்லன் ஏரியை நோக்கிச் சரிகிறது. ஏழு சதவீதச் சரிவு, மைல் கணக்கில் நீளம். வளைவு அதிகம் இல்லாததால் சரிவு என்றே தெரியாது. ஆட்டோமேட்டிக் வண்டிதானே என்று பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினேன். அப்பா பேச்சை நிறுத்தினார். ஜன்னலை இரண்டு விரல் இறக்கி மூக்கை நீட்டினார். "ஓரம் கட்டு. லைனிங் கருகுகிறது" என்றார். எனக்கு அப்போது எந்த வாடையும் தெரியவில்லை. நிறுத்திக் கீழே இறங்கிய பிறகுதான் முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை வருவதைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றப்போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். சூட்டில் தண்ணீர் பட்டால் இரும்பு விரிசல் விடும் என்றார். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அங்கிருந்து கீழே வரை அவர் சொன்ன வேகத்தில்தான் வந்தேன்.

ஆட்டோமேட்டிக்கிலும் கியரை இறக்கலாம். 'டோ ஹால்' என்று ஒரு பொத்தான் இருக்கும். சரிவு தொடங்குவதற்கு முன்பே அதை அழுத்துங்கள். என்ஜின் உறுமும், பயப்பட வேண்டாம், அதுதான் வண்டியைப் பிடிக்கிறது. பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள், மீண்டும் வேகம் ஏறினால் மீண்டும் அழுத்துங்கள். காலை அங்கேயே ஊன்றி வைக்காதீர்கள்.

ஏற்றத்திலும் ஒரு செய்தி. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போல வலு இழக்கும். எட்டாயிரம் அடியில் கால் பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி 35 மைல் வேகத்தில் முக்கினால் பழுது என்று நினைக்காதீர்கள். வலது ஓரத்தில் போங்கள், பின்னால் வரிசை சேர்ந்தால் ஒதுங்கி வழி விடுங்கள்.

---

டாலஸ் அப்பா | ஜனவரி 11

எல்லோருடைய பதிலையும் இரண்டு முறை படித்தேன். மனைவியிடமும் வாசித்துக் காட்டினேன். கிளேசியரையும் ஸயானையும் அடித்துவிட்டேன். ராக்கி மவுண்டனை விட மனம் வரவில்லை. அங்கே ட்ரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை போகிறது என்கிறார்கள். அப்பாவுக்கு அந்த உயரத்தைக் காட்ட ஆசை.

மரவீடு யோசனையும் பேசினோம். அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறை வேண்டும். காரில் போகும்போது அதற்கு வெட்கப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார். ஆர்வியை நான் நினைத்ததற்கு முதல் காரணமே இதுதான். இங்கே சமையலும் கழிவறையும் கூடவே வருகின்றன. ஆனால் அப்பாவின் முழங்கால் பற்றிச் சொன்னது சரி.

---

சமையல்கட்டு | ஜனவரி 12

டாலஸ் அப்பா, உங்கள் அம்மா தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் மாமியாரும் அப்படித்தான். ஆர்வியில் போன பயணத்தில்தான் அவர் நிம்மதியாக இருந்தார். உயரமான இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலைவலி உறுதி. அம்மாவின் மாத்திரையை வைத்துக்கொண்டு 12,000 அடிக்கு ஏறுவது பற்றி அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும் என்று சொல்கிறேன். யெல்லோஸ்டோன் ஏரி 2,357 மீட்டர் உயரம். ஊட்டி 2,240. ஊட்டி ஒத்துக்கொண்டவர்களுக்கு அந்த ஏரிக்கரையில் பெரும்பாலும் சிரமம் இராது. ட்ரெயில் ரிட்ஜ் 3,713 மீட்டர். தொட்டபெட்டாவுக்கு மேல் இன்னும் ஒரு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறியது போல. அது வேறு கதை.

இனி அடுக்களைக்கு வருகிறேன். யெல்லோஸ்டோன் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர சூடு போதாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஒரு மணி நேரமானாலும் விதை விதையாக நிற்கும். குக்கர் இல்லாமல் போகாதீர்கள். வீட்டில் மூன்று விசில் என்றால் அங்கே ஐந்து. (உங்கள் மகளிடம் இதையே கேள்வியாகக் கேளுங்கள். ஓல்ட் ஃபெயித்ஃபுல் ஊற்றுப் பக்கம் கொதிக்கும் குளங்களும் அதே 93 டிகிரியில்தான் கொதிக்கின்றன என்று பிறகு காட்டலாம்.)

மின்சாரம் கவனம். பெரும்பாலான வாடகை வண்டிகள் 30 ஆம்பியர். 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவும் மின்குக்கரும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். ஒன்றை நிறுத்திவிட்டு ஒன்றைப் போடுங்கள். ஊரிலிருந்து வரும் 230 வோல்ட் மிக்ஸி அங்கே வேலைக்கு ஆகாது. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் பருப்புப்பொடியும் தக்காளித் தொக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருந்தால் மூன்று மதியத்துக்குக் கவலையில்லை. தோசை மாவை வீட்டில் புளிக்கவைத்துக் கொண்டுபோங்கள். ஜூலையிலும் அந்த ஏரிக்கரையில் இரவு ஐந்து டிகிரிக்குக் கீழே போகும், அரைத்து வைத்தால் புளிக்காது.

தாளிப்பதற்கு முன் கூரை ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். நான் முதல் நாள் மறந்துவிட்டேன். கடுகு வெடித்து, மிளகாய் கிள்ளிப் போட்டதும் புகை எச்சரிக்கை மணி அலறியது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை பயந்து அழுதது. பக்கத்து வண்டிக்காரர் தீயணைப்பானோடு ஓடி வந்தார். நல்ல மனிதர். அவருக்கு ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தேன்.

கரடி நாட்டில் கழுவிய காலிக் குக்கரைக்கூட இரவில் வெளியே வைக்கக் கூடாது. பூங்கா விதியே அது. உணவு, பாத்திரம், அடுப்பு, குப்பை எல்லாம் பயன்படுத்தாத நேரத்தில் வண்டிக்குள் பூட்டப்பட வேண்டும்.

---

நீலவானம் | ஜனவரி 12

ஏன் டென்வர்? ஸால்ட் லேக் சிட்டிக்குப் பறந்து வாருங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன். டென்வரிலிருந்து டீட்டன் 500 மைல். இங்கிருந்து அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல், அதையும் பிரித்துப் போகலாம்.

என் சிபாரிசு இது. முதல் இரவு இங்கேயே தங்கி வண்டியைப் பழகுங்கள். இந்திய மளிகைக் கடைகள் உண்டு, கறிவேப்பிலை இங்கேயே வாங்கிவிடுங்கள். மறுநாள் லோகன் பள்ளத்தாக்கு வழியாகப் பேர் ஏரி. தண்ணீரில் மிதக்கும் சுண்ணாம்புத் துகளால் ஏரி பச்சை கலந்த நீலமாக இருக்கும். கரையோரம் ஆழம் குறைவு, ஆறு வயதுப் பையனை நம்பி விடலாம். கார்டன் சிட்டியில் ராஸ்பெரி மில்க்‌ஷேக் வாங்கிக் கொடுங்கள், ஊரே அதற்குப் பெயர் பெற்றது.

பிறகு 89ஆம் எண் சாலையில் வடக்கே. ஆஃப்டன் ஊரில் எல்க் மான் கொம்புகளால் கட்டிய தோரணவாயில் சாலைக்குக் குறுக்கே நிற்கிறது. ஆல்பைனிலிருந்து ஸ்நேக் ஆறு கூடவே வரும். ஜாக்சன், அதற்கு வடக்கே டீட்டன் பூங்காவுக்குள் கால்டர் பே முகாம். மூன்று இரவு. பின் தெற்கு வாசல் வழியாக யெல்லோஸ்டோன். அங்கே ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம் வெறும் 60 மைல் சொச்சம். திரும்பும் வழியில் ஐடஹோவில் லாவா ஹாட் ஸ்பிரிங்ஸ். வெந்நீரூற்றில் உங்கள் அப்பா முழங்கால் வரை அமிழ்ந்து ஒரு மணி நேரம் உட்காரட்டும். கந்தக வாடை இல்லாத ஊற்று அது.

சுற்று மொத்தமும் ஆயிரம் மைலுக்குள் முடியும்.

ஓர் எச்சரிக்கை. ஐடஹோ பக்கமிருந்து ஜாக்சனுக்கு வழி கேட்டால் செல்பேசி சில நேரம் டீட்டன் கணவாயைக் காட்டும். பத்து சதவீதச் சரிவு. உள்ளூர்க்காரர்களே பயந்து ஓட்டும் இடம். தூரம் கொஞ்சம் கூடினாலும் ஆல்பைன் வழியாகவே போங்கள்.

---

கொல்லிமலைக்காரர் | ஜனவரி 12

நீலவானம் சொன்ன வழிக்கு என் முழு ஆதரவு. பத்து சதவீதம் என்றால் நூறு அடிக்குப் பத்து அடி இறக்கம். புதிதாக ஓட்டுகிறவர் குடும்பத்தோடு போகும் இடமில்லை.

இன்னொன்று, 32 அடி கிளாஸ் ஏ வேண்டாம். 28 அல்லது 30 அடி கிளாஸ் சி, அதாவது வேன் முகப்புள்ள வகை, எடுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை இருக்கும், அது பிள்ளைகளுக்கு. பின்னறைக் கட்டில் பெற்றோருக்கு, கழிவறை அதை ஒட்டியே இருக்கும். உங்கள் இருவருக்கும் சாப்பாட்டு மேசை இரவில் படுக்கையாக மாறும். எத்தனை பேர் தூங்கலாம் என்று பார்த்து ஏமாறாதீர்கள், எத்தனை சீட் பெல்ட் இருக்கிறது என்று கேளுங்கள். பக்கவாட்டு சோபாவில் பையனின் பூஸ்டர் இருக்கையைப் பொருத்தக் கூடாது, முன்னோக்கிய இருக்கை வேண்டும். ஓடும் வண்டியில் யாரும் எழுந்து காப்பி போடக் கூடாது. அம்மாவுக்கு அவசரம் என்றால் ஓரம் கட்டுங்கள், இரண்டு நிமிட வேலை.

அப்பாவின் முழங்காலுக்கு ஒரு வழி: அகலமான மடக்குப் படி ஒன்றை வாங்கி முதல் படிக்கு முன் வையுங்கள். கைப்பிடி கிடைக்கும் உயரம் சரியாகிவிடும். என் அப்பா அப்படித்தான் ஏறினார்.

---

டாலஸ் அப்பா | ஜனவரி 18

ஸால்ட் லேக் என்று முடிவு செய்துவிட்டோம். ராக்கி மவுண்டனையும் விட்டுவிட்டேன். இடம் பிடிப்பதில்தான் சிக்கல். ஜூலைக்கு ஃபிஷிங் பிரிட்ஜில் எல்லாம் நிறைந்துவிட்டது என்று காட்டுகிறது. கேட்கக் கூச்சமான ஒன்றும் உண்டு. பெற்றோர் இருவரும் கழிவறையில் தண்ணீர்தான் பயன்படுத்துவார்கள். கழிவுத் தொட்டி எத்தனை நாள் தாங்கும்? அதை யார் காலி செய்வது?

---

மலைமுகடு | ஜனவரி 18

இதில் கூச்சத்துக்கு இடமே இல்லை, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி.

வண்டியில் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீர், குளித்த தண்ணீர், கழிவறைத் தண்ணீர். ஆறு பேர் தண்ணீர் பயன்படுத்தினால் கழிவறைத் தொட்டி மூன்றாம் நாள் நிரம்பும் என்று கணக்கு வையுங்கள். தண்ணீர் பயன்படுத்துவது தொட்டிக்கு நல்லதுதான், காகிதம் சேர்ந்தால் அடைக்கும். ஒரு சிறிய செம்பு வைத்துவிடுங்கள், அளவு தெரியும்.

காலி செய்வது நீங்கள்தான், பத்து நிமிட வேலை. கையுறை போட்டுக் குழாயை மாட்டி முதலில் கழிவறைத் தொட்டியைத் திறங்கள். அது வடிந்த பிறகு குளியல் தண்ணீரைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முழு இணைப்புள்ள இடத்தில் தங்கினாலும் கழிவறை வால்வைத் திறந்தே வைத்திருக்கக் கூடாது. நீர் வடிந்து திடம் தங்கிக் கெட்டியாகிவிடும்.

இடம் பற்றி: யெல்லோஸ்டோனின் பெரிய முகாம்கள் 13 மாதத்துக்கு முன்பே திறந்துவிடுகின்றன. அதனால்தான் நிறைந்திருக்கிறது. ஆனால் ரத்து செய்கிறவர்கள் நிறைய. தினமும் காலையில் காப்பியோடு ஒருமுறை பாருங்கள், ஓரிரண்டு இரவாகக் கிடைக்கும். பூங்காவுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவு மூன்றும் இணைத்துத் தருவது ஃபிஷிங் பிரிட்ஜ் மட்டுமே. கரடி நடமாட்டத்தால் அங்கே கூடாரத்துக்கே அனுமதி இல்லை, கெட்டிச் சுவர் வண்டி மட்டும். மீதி இரவுகளுக்கு மேற்கு வாசலை ஒட்டிய வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் தனியார் முகாம்களைப் பாருங்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஒருமுறை வாடகை வண்டியின் உள்பேட்டரி செத்துப்போயிருந்தது. மின் இணைப்பில்லாத முகாம், இரவு எட்டு முதல் காலை எட்டு வரை ஜெனரேட்டர் போடக் கூடாது. ஹீட்டருக்கு எரிவாயு இருந்தது, காற்றைத் தள்ளும் விசிறிக்கு பேட்டரி இல்லை. பிள்ளைகள் இருவரையும் எங்களுக்கு நடுவில் போட்டு, இருந்த துண்டு துணியெல்லாம் போர்த்தி விடியும்வரை விழித்திருந்தோம். நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது, அந்த இரவு திரும்பி வராது. வண்டி எடுக்கும்போது வெளி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஹீட்டரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். அவர்கள் அவசரப்படுத்தினாலும் நில்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பழைய டயர் என்றால் வேறு வண்டி கேளுங்கள்.

---

கூடாரவாசி | ஜனவரி 19

திட்டம் இப்போது மனிதத்தன்மையோடு இருக்கிறது. என் கருத்தில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். டாலஸ் அப்பாவின் அம்மா தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மீதிப் பாதியை விடமாட்டேன். கூடவே ஒரு சின்னக் காரும் எடுங்கள். ஸால்ட் லேக்கிலிருந்து உங்கள் மனைவி ஓட்டி வரலாம். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்று இருக்கும் மிட்வே வாகன நிறுத்துமிடம் காலை ஒன்பதுக்கே நிரம்பிவிடும். ஆர்வியோடு அங்கே சுற்றி நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முகாமில் ஆர்வியை இணைத்துப் போட்டுவிட்டுக் காரில் போங்கள். ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்றி, பாத்திரத்தைக் கட்டி வைத்துக் கிளம்புவது மிச்சம். யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலும் கார் கைகொடுக்கும். ஆறு பேரும் ஒரே காரில் அடங்காவிட்டால் இரண்டு நடை போங்கள், அல்லது பெற்றோர் முகாமில் ஓய்வெடுக்கட்டும். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு?

மகளுக்கு ஒன்று. அந்த ஊற்றுகளின் மஞ்சளும் ஆரஞ்சும் சூட்டில் வாழும் நுண்ணுயிர்கள். 1960களில் தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானி யெல்லோஸ்டோனின் வெந்நீரில் கண்டெடுத்த பாக்டீரியாவிலிருந்து கிடைத்த நொதிதான் பின்னாளில் பிசிஆர் சோதனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கொரோனா காலத்தில் நம் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. பதினொரு வயதுப் பெண்ணுக்கு அந்த மரப்பலகைப் பாதையில் நின்று இதைச் சொல்லுங்கள்.

---

நீலவானம் | ஜனவரி 19

அந்தப் பலகைப் பாதையில் பையனின் கையை விடாதீர்கள். பாதைக்கு வெளியே தரை கெட்டியாகத் தெரியும், கீழே கொதிநீர். கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. காட்டெருமைக்கு 25 கெஜம், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம் தள்ளி நிற்க வேண்டும். எருமை அசையாமல் நிற்பதைப் பார்த்து ஊர் மாடு போல எண்ணிவிடுவார்கள் பெரியவர்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஜூலைக் கடைசியில் அவற்றுக்கு இணை சேரும் காலம் தொடங்கும், ஹேடன் பள்ளத்தாக்கில் அவை சாலையை மறித்தால் வண்டிக்குள்ளேயே காத்திருப்பதுதான் வழி.

தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்திர அனுமதிச் சீட்டில் 2026 ஜனவரி 1 முதல் மாற்றம் வந்திருக்கிறது. இங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250. உங்கள் பெயரில் வாங்குங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

---

டாலஸ் அப்பா | பிப்ரவரி 21

ஐந்து வாரம் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்ததில் ஃபிஷிங் பிரிட்ஜில் அடுத்தடுத்து இரண்டு இரவு கிடைத்துவிட்டது! மகள்தான் முதலில் பார்த்தாள். கத்திய கத்தலில் தம்பி எழுந்துவிட்டான்.

இப்போதைய திட்டம்: ஸால்ட் லேக் ஓர் இரவு, பேர் ஏரி இரண்டு, கால்டர் பே மூன்று, ஃபிஷிங் பிரிட்ஜ் இரண்டு, வெஸ்ட் யெல்லோஸ்டோன் இரண்டு, லாவா ஹாட் ஸ்பிரிங்ஸ் ஒன்று. மொத்தம் பதினோரு இரவு. எந்த நாளும் 200 மைலைத் தாண்டவில்லை. 28 அடி கிளாஸ் சி, ஏழு சீட் பெல்ட், கூட ஒரு கார். அகல மடக்குப் படி வாங்கியாயிற்று. அதை வீட்டுப் பின்புறப் படியில் வைத்து நானே ஏறி இறங்கிப் பார்த்தேன்.

நேற்று அப்பாவிடம் காணொளி அழைப்பில் வரைபடத்தைக் காட்டினேன். ஐந்து இடத்தில் மூன்றை விட்டுவிட்டேன் என்று சொல்லத் தயங்கினேன். அவர் ஃபிஷிங் பிரிட்ஜைக் காட்டி, "இந்தப் பாலத்தில் மீன் பிடிக்கலாமா?" என்றுதான் கேட்டார். காவிரிக்கரையில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்.

---

மலைமுகடு | பிப்ரவரி 21

பெயர்தான் அப்படி, 1973 முதல் பாலத்தின் மேலிருந்து மீன் பிடிக்கத் தடை. ஆனால் கைப்பிடியில் சாய்ந்து குனிந்து பார்த்தால் கீழே தெளிந்த நீரில் கட்த்ரோட் ட்ரவுட் எதிர்நீச்சலில் அசையாமல் நிற்பது தெரியும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஏரியின் வேறு கரைகளில் அனுமதிச் சீட்டு வாங்கித் தூண்டில் போடலாம். பூங்காவுக்கென்று தனிச் சீட்டு உண்டு, வயோமிங் மாநிலச் சீட்டு செல்லாது.

---

கொல்லிமலைக்காரர் | பிப்ரவரி 22

ஆர்வி பக்கம் ஏன் என்று பிறகு சொல்கிறேன் என்றிருந்தேன். அந்த டில்லன் பயணத்தில் மூன்றாம் நாள் ஒரு முகாமின் காலி மைதானத்தில் அப்பா, "ஒரு சுற்று நான் ஓட்டட்டுமா?" என்றார். சாலையில் விட முடியாது, உரிமம் இல்லை. அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். என்ஜினைக்கூடப் போடவில்லை. இருக்கையை முன்னே இழுத்தார், இரண்டு கண்ணாடியையும் தனக்கு ஏற்றபடி திருப்பினார், கையைச் சக்கரத்தில் வைத்துக்கொண்டு எதிரே மலையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் அப்பாவை ஆல்பைனிலிருந்து ஜாக்சன் வரை முன் இருக்கையில் உட்காரவையுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள், அந்த 40 மைலுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.